அவள் 'எபா' சொன்னால்?

கேள்வி: வணக்கம் மிஸ். நாங்கள் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு சிறிய டவுனில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது. தமிழ் மொழிமூலம் நான்காம் ஆண்டு படிக்கிறாள். அக்கம்பக்கம் எல்லாம் சிங்களக் குடும்பங்கள் என்பதால் சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. போன வருடம் எங்கள் பக்கம் சிங்களப் படம் எடுக்க வந்தவர்கள், கடையில் அவள் கதைப்பதைக் கேட்டுவிட்டு, ஒரு தமிழ்ச் சிறுமியின் பாத்திரத்துக்குக் கேட்டார்கள். பதினொரு நாள் நடித்தாள். பயணச் செலவும் ஒரு சைக்கிளும் தந்தார்கள். இப்போது அதே ஆட்கள் மூலம் கொழும்பிலிருந்து ஒரு மெகா தொடருக்குக் கேட்கிறார்கள். கிழமை நாட்களில் தினமும் ஒளிபரப்பாகும் தொடர், நாள் கணக்கில் சம்பளம். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை வேறு இருக்கிறது. அவளுடைய அப்பா "ஒருமுறை போதும்" என்கிறார். மாமியோ, "பேபி ஷாலினி மாதிரி வருவாள், தடுக்காதே" என்கிறார். பாடசாலையில் பிள்ளைகள் படத்தில் வரும் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். என் பயம் வேறு. இவள் இப்போது சொன்னவுடன் அழுகிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் "அழுது காட்டு" என்பார்கள், ஒரு நிமிடத்தில் கண்ணீர் வரும். உண்மையாக அழுகிறாளா, நடிக்கிறாளா என்று பெற்ற எனக்கே தெரியவில்லை. இது நல்லதா? இதுவே அவளுடைய எதிர்காலமாக ஆகலாமா? மறைக்காமல் சொல்கிறேன், வீடு கட்டிப் பாதியில் நிற்கிறது. கூரை போட வேண்டும்.
— ஒரு தாய்

(கடிதத்தின் அடியில், பென்சிலில், வேறு கையெழுத்தில்: "மிஸ் நான் நடிக்கேக்க அழுறது பொய் அழுகையா?")

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

கடிதத்தை முதல் தடவை படித்தபோது நடிப்பைப் பற்றிய கேள்வி என்று நினைத்தேன். இரண்டாம் தடவை படித்தபோது கூரையில் வந்து நின்றுவிட்டேன். எழுதுகிறவர்கள் முக்கியமானதைக் கடைசி வரியில்தான் வைப்பார்கள், அதுவும் 'மறைக்காமல் சொல்கிறேன்' என்று ஆரம்பித்து. உளவளத்துணை வேலையில் இருக்கிற என்னைப் போன்றவர்கள் கடிதத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்கப் பழகிவிடுகிறோம். நீங்கள் அதை எழுதியதற்கு நன்றி. அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு ஆறுதலாகக் காரணம் சொல்கிறேன். இந்தத் தொடரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நடிப்பையே நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. போன வருடம் அவள் செய்தது பதினொரு நாள் வேலை. இப்போது கேட்பது எத்தனை மாதம் இழுக்கும் என்று எடுக்கிறவர்களுக்கே தெரியாத வேலை. படத்துக்கு முடிந்த கதை ஒன்று கையில் இருக்கும். மெகா தொடரில் அடுத்த மாதம் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதை அநேகமாக அடுத்த மாதம்தான் எழுதுவார்கள். கதை தெரியாமல் ஒரு பெரியவர் நடிக்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளையைக் கதை தெரியாத வீட்டுக்குள் அனுப்புவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

அழுகைக்கு வருவோம். சொன்னவுடன் அழுவது நோய் இல்லை, கள்ளத்தனமும் இல்லை. நாலு வயதில் சிரட்டையில் மண் சோறு சமைக்கிற பிள்ளைக்கே அது சோறு இல்லை என்று தெரியும். எட்டு, ஒன்பது வயதில், உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு முகத்தில் வேறொன்றைக் காட்டலாம் என்பதும் நன்றாகப் பிடிபட்டுவிடும். மாமா தந்த பரிசு பிடிக்காவிட்டாலும் "நல்லாயிருக்கு" என்று சிரிக்கிற வயது அது. உங்கள் மகள் அந்த வித்தையைக் கொஞ்சம் கூடுதலாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். நான் அறிய விரும்புவது, அதை யார், எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதை.

கிளிசரின் போட்டார்களா, கண்ணுக்குக் கீழே மென்தோல் தடவினார்களா என்று அவளிடம் கேளுங்கள். அப்படியென்றால் பயமில்லை. "உன் அம்மா செத்துப்போயிட்டா என்று நினைத்துக்கொள்" என்று யாராவது சொல்லியிருந்தால், அது வேறு விஷயம். இது உலகம் முழுக்க நடந்த வேலைதான். 1931இல் ஹொலிவுட்டில் ஜாக்கி கூப்பர் என்ற சிறுவன் ஒரு காட்சியில் அழ மறுத்தபோது, அவனுடைய நாய்க்குட்டியைச் சுட்டுவிடப்போவதாக மிரட்டி அழவைத்தார்கள். இயக்குநர் அவனுடைய சொந்தச் சித்தப்பா முறைக்காரர். அந்தப் படத்துக்குச் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் பரிந்துரை அவனுக்குக் கிடைத்தது. அப்போது அவனுக்கும் வயது ஒன்பதுதான். ஐம்பது வருடம் கழித்துத் தன் வாழ்க்கைக் கதையை எழுதியபோது, புத்தகத்தின் தலைப்பிலேயே அந்த நாயைத்தான் வைத்தார். ஒஸ்காரை வைக்கவில்லை.

ஆகவே, கேட்டுப் பாருங்கள். விசாரணை மாதிரி வேண்டாம். தலை பின்னும்போது, பாத்திரம் கழுவும்போது, முகம் பார்க்காமல் கேட்டால்தான் பிள்ளைகள் சொல்வார்கள். "அழவேண்டி வந்த நேரம் நீ என்னத்தை நினைச்சாய்?" என்ற ஒரு கேள்வி போதும். அவள் சொல்லும் பதிலைத் திருத்த வேண்டாம்.

விருந்தாளிகள் முன்னால் அழுது காட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். படப்பிடிப்பில் 'கட்' சொல்ல ஒருவர் இருப்பார், 'கட்' சொன்னவுடன் ஒருவர் துவாய் கொண்டு வருவார், இன்னொருவர் "ஹரி துவ, ஹொந்தய்" (சரி மகள், நல்லாயிருக்கு) என்று தட்டிக்கொடுப்பார். உங்கள் வீட்டு விறாந்தையில் யார் 'கட்' சொல்வது? எல்லோரும் கைதட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். வரவழைத்த அந்த அழுகையோடு அவள் தனியாக நிற்கிறாள். மாமியிடம் இதை நீங்கள் சொன்னால் சண்டையாகும் என்றால், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

உண்மை அழுகையா, நடிப்பா என்று பிரித்தறிய முயலவே வேண்டாம். வீட்டில் வருகிற எல்லா அழுகையையும் உண்மை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நடிப்பாக இருந்துவிட்டால் உங்களுக்கு என்ன நட்டம், ஒரு தடவை கூடுதலாகக் கட்டியணைத்திருப்பீர்கள். உண்மை அழுகையை நடிப்பென்று ஒதுக்கினால்தான், அடுத்த தடவை அவள் உங்களிடம் வரமாட்டாள்.

பாடசாலையில் பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது இரண்டு மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடும். அதுவரை வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், போதும். ஆனால் வீட்டில் ஒருவரும் அந்தப் பெயரில் கூப்பிடக்கூடாது, செல்லத்துக்கும் கூடாது. இனி நடிக்கப்போனாலும் வேலை முடிந்ததும் உடுப்பு மாற்றி, முகம் கழுவி, அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி நீங்கள்தான் முதலில் கூப்பிட வேண்டும். சின்ன விஷயமாகத் தெரியும். பெரிய நடிகர்களே தங்களுக்கென்று இப்படி ஒரு சடங்கு வைத்திருக்கிறார்கள்.

இனி, மாமியின் பேபி ஷாலினிக் கனவு. நான் மாமியைக் குறை சொல்லமாட்டேன். நானும் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவள்தான். ஷாலினி 1983இல் மலையாளத்தில் குழந்தையாகத் தொடங்கினார், 1997இல் கதாநாயகியாகத் திரும்பி வந்தார், 2000இல் கல்யாணம் முடித்து ஒதுங்கிவிட்டார். ஸ்ரீதேவி நாலைந்து வயதில் தொடங்கியவர். தமிழில் கதாநாயகி ஆன 1976இல் அவருக்கு வயது பதின்மூன்று. கமல்ஹாசன் 1960இல் ஐந்து வயதில் வந்தார், இன்னும் இருக்கிறார். இந்த மூன்று பெயரும் உடனே நினைவுக்கு வருவதற்குக் காரணம், நிலைத்தவர்கள் அவர்கள்தான் என்பது. 'பேபி', 'மாஸ்டர்' என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு வந்த மற்ற நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பெயர் மாமிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுவும் தமிழ், மலையாளம், தெலுங்கு, ஹிந்தி என்று ஒரு பிள்ளை மொழி விட்டு மொழி தாவக்கூடிய சந்தையில்.

சிங்கள சினிமா அப்படியல்ல. சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் பேசும் மொழி. வருடத்துக்குச் சில பத்துப் படங்கள்தான் தியேட்டருக்கு வருகின்றன, அவற்றில் பிள்ளையை நடுவில் வைத்த படம் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். அவற்றிலும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு எத்தனை பாத்திரம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதைச் சொன்னவுடன் சோர்ந்துபோக வேண்டாம், ஏனென்றால் அந்த சினிமாவின் கதை தமிழ்ப் பெண் ஒருவரோடுதான் தொடங்குகிறது. உங்கள் மாவட்டத்து றம்பொடையில் 1923இல் பிறந்த டெய்சி ரசம்மா டேனியல்ஸ், பள்ளிக்கூட வயதிலேயே மேடையேறியவர். ருக்மணி தேவி என்ற பெயரில் முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொரொந்துவ'வில் கதாநாயகி ஆனார். 1947 ஜனவரி 21இல் வந்த அந்தப் படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர், எடுத்த இடம் மதுரை. 1978இல் வீதி விபத்தில் இறக்கும்வரை ருக்மணி தேவி பாடிக்கொண்டும் நடித்துக்கொண்டும்தான் இருந்தார். அவரை வளர்த்தது மேடையும் குரலும். குழந்தை நட்சத்திரம் என்ற பட்டத்தை நம்பி அவர் இருக்கவில்லை.

சிங்கள சினிமாவின் குழந்தை நடிகைகள் என்று யோசித்தால் எனக்கு முதலில் வருகிறவர் 'ரேகாவ'வின் மர்ட்டில் பெர்னாண்டோ. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் எடுத்த படம். அதுவரை பெரும்பாலும் ஸ்டூடியோக்களுக்குள் எடுத்துக்கொண்டிருந்த சிங்களப் படத்தை வெளியே, உண்மையான கிராமத்து வெயிலுக்குக் கொண்டுவந்த படம், அடுத்த வருடம் கான் விழாவுக்கும் போனது. மர்ட்டில் பெர்னாண்டோ நடித்தது அனுலா என்ற சிறுமியாக. அவளுக்குப் பார்வை போய்விடுகிறது. சேனா என்ற சிறுவன் தொட்டதும் பார்வை திரும்புகிறது. அப்புறம் என்ன நடக்கிறது தெரியுமா? அந்தப் பையனின் கையில் சக்தி இருக்கிறதென்று ஊர் நம்புகிறது, அவனுடைய அப்பா உட்பட பெரியவர்கள் அவனை வைத்துக் காசு பார்க்கத் தொடங்குகிறார்கள். கெட்டது ஒன்று நடந்தவுடன் அதே ஊர் அவன் மேல் பாய்கிறது. கிடைத்தால் அந்தப் படத்தை நீங்களும் கணவரும் சேர்ந்து பாருங்கள். குழந்தை நடிகர்களைப் பற்றி என்னிடம் கேட்கிற பெற்றோருக்கெல்லாம் நான் அதைத்தான் சொல்வது, அது நடிகர்களைப் பற்றிய படமே இல்லையென்றாலும்.

உங்கள் மகளுக்கு இன்னும் கிட்டிய உதாரணம், 2000ஆம் ஆண்டளவில் சோமரத்ன திசாநாயக்க எடுத்த 'சரோஜா'. காயப்பட்ட போராளியான அப்பாவோடு ஒளிந்திருக்கும் ஒரு தமிழ்ச் சிறுமியும், அவளோடு நட்பாகும் ஒரு சிங்கள ஆசிரியரின் மகளும்தான் அந்தக் கதை. தமிழ்ப் பிள்ளையாக நடித்தது தமிழ்ப் பிள்ளை. அந்தக் காலத்தில், போர் நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு சிங்களப் படம் தமிழ்ச் சிறுமியின் பெயரையே தலைப்பாக வைத்தது சின்ன விஷயமில்லை. அதைத்தான் நான் அடுத்த தடவைக்கு அளவுகோலாக வைக்கச் சொல்வேன். வருகிற பாத்திரம் சரோஜாவா, அல்லது கொச்சைச் சிங்களம் பேசிச் சிரிக்கவைக்கிற வேலைக்காரப் பிள்ளையா? இரண்டாவது வகையைப் பழைய படங்களில் நாமெல்லாம் எத்தனை பார்த்திருக்கிறோம். உங்கள் மகளின் சிங்களம் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். அவளிடம், "இல்ல துவ, தமிழ் ஆக்கள் கதைக்கிற மாதிரி உடைச்சுக் கதை" என்று சொன்னால், அந்த இடத்திலேயே நீங்கள் எழும்பி நிற்க வேண்டும்.

எதிர்காலம் பற்றி இன்னொரு விஷயம், பெண் பிள்ளைகளுக்கு முக்கியம். பதினொன்று, பன்னிரண்டு வயதில் குழந்தைப் பாத்திரம் நின்றுவிடும். கதாநாயகிப் பாத்திரம் பதினெட்டு, இருபதுக்கு மேல். நடுவில் ஏழெட்டு வருடம் வெறுமை. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, "உங்கள் பிள்ளை வளர்ந்துவிட்டாள், காதல் கதை ஒன்றிருக்கிறது" என்றால், கதவைச் சாத்துங்கள். விதிவிலக்குகள் இருக்கின்றன. வசந்தி சதுராணி 1978இல் சுமித்ரா பீரிஸின் 'கெஹெனு லமாய்' வழியாக இளம் வயதிலேயே வந்து, பிறகு பல பத்தாண்டுகள் திரையிலும் தொலைக்காட்சியிலும் நின்றவர். ஆனால் அவர் ஒரு நல்ல கதைக்குள், ஒரு பெண் இயக்குநரின் கையில் வந்தார். அதைத் திட்டம் போட்டு வரவழைக்க முடியாது. நான் பார்த்த பிள்ளைகளில் கஷ்டப்பட்டவர்கள் நடித்தவர்கள் இல்லை. பன்னிரண்டு வயதில் தொலைபேசி மணி அடிக்காமல் போனபோது, தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக நினைத்தவர்கள்தான். ஒரு பிள்ளை என்னிடம், "நான் உயரமா வளர்ந்திட்டன் மிஸ், அதான்" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். வளர்ந்ததற்கு மன்னிப்பு! அவளுடைய வீட்டில் எல்லோரும் அவளை நட்சத்திரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஆறு வருடம்.

சரி, கூரை.

சகோதரி, உங்களுக்குக் காசு வேண்டியிருப்பது எனக்கு விளங்குகிறது. மழைக்காலத்தில் உங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்றும் தெரியும். இருந்தாலும் அந்தக் கூரையை அவளுடைய சம்பளத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காசு அசிங்கம் என்பதால் சொல்லவில்லை. 'எபா' என்ற வார்த்தைக்காகச் சொல்கிறேன். அந்தச் சிங்களச் சொல் நம் எல்லோருக்கும் தெரியும்: வேண்டாம், போதும், மாட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு ஏழாவது டேக்கில், குளிரில் நனைந்துகொண்டு, உங்கள் மகளுக்கு அந்த வார்த்தையைச் சொல்ல முடியவேண்டும். சொன்னால், நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடக்கூடியவராக இருக்கவேண்டும். வீட்டுக்கு மேல் பாதித் தகரம் ஏறி, மீதிக்கு அடுத்த மாதச் சம்பளம் என்று கணக்கு வைத்திருந்தால், உங்களால் முடியாது. அவளும் சொல்லமாட்டாள். பிள்ளைகள் வீட்டுக் கணக்கை நாம் நினைப்பதைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். சைக்கிள் தந்தபோது இருந்த பிள்ளைக்கும், கூரை போடுகிற பிள்ளைக்கும் நடுவில் இருப்பது அதுதான்.

இதற்கும் ஒரு பழைய கதை உண்டு, அவர் பெயரும் ஜாக்கி. ஜாக்கி கூகன், 1921இல் சார்லி சாப்ளினோடு நடித்த அந்தச் சிறுவன். பெரியவனானபோது, தான் உழைத்ததில் பெரும்பகுதியைத் தாயும் அவருடைய இரண்டாவது கணவரும் செலவழித்துவிட்டதைக் கண்டு 1938இல் வழக்குப் போட்டார். அதன் பலனாக 1939இல் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. இன்று அங்கே குழந்தை நடிகரின் வருமானத்தில் 15 வீதம் தனிக் கணக்குக்குப் போக வேண்டும். இந்தியாவில் 2017இல் வந்த விதிகள் இன்னும் விரிவானவை: நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை இல்லை, ஓய்வில்லாமல் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் இல்லை, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் இல்லை, வருமானத்தில் குறைந்தது 20 வீதம் பிள்ளையின் பெயரில் நிலையான வைப்பில். நமது நாட்டில் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதை 2021இல் பதினாறாக உயர்த்தினார்கள். பதினாறு வயதுவரை பாடசாலைக் கல்வியும் கட்டாயம். குறைந்த வயது பற்றிய சர்வதேச உடன்படிக்கையிலும் இலங்கை 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. கலை நிகழ்ச்சியில் பிள்ளை பங்குபற்றுவதற்கு அந்த உடன்படிக்கை இடம் கொடுக்கிறது, ஆனால் தனித்தனி அனுமதியோடு, மணித்தியாலமும் நிபந்தனையும் குறித்து. ஆகவே, இனி யார் வந்தாலும் முதலில் உங்கள் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறம் அக்கா" என்று சொல்கிற தயாரிப்பு நிர்வாகியிடம் அந்தக் கடிதத்தைக் காட்டினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்த தடவை வருவார்கள், நிச்சயம் வருவார்கள். சிங்களமும் தமிழும் சரளமாகக் கதைக்கிற, கமராவுக்குப் பயப்படாத பிள்ளை லேசில் கிடைக்காது. அப்போது இந்தியக் கணக்கையே உங்கள் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள், யாரும் மறுக்கமுடியாத நியாயமான அளவு அது. ஒப்பந்தம் சிங்களத்தில் இருக்கும். உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரை வைத்துத் தமிழில் வாசித்துக் கேட்டபின்தான் கையெழுத்து. அதில் நாள் எண்ணிக்கை இருக்கவேண்டும். டப்பிங் நாட்களும் அதில் சேரவேண்டும், பலர் அதை மறந்துவிட்டுப் பிறகு கொழும்புக்கும் வீட்டுக்கும் அலைகிறார்கள். அவளுடைய காட்சிகளை முழுவதும் முன்கூட்டியே கேட்டு வாசியுங்கள். அடிவாங்கும் காட்சி, தண்ணீர், உயரம், தீ, உடுப்பு மாற்றும் காட்சி என்று ஏதாவது இருந்தால் எப்படி எடுக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். பார்க்கும் தூரத்தில் நீங்கள் அல்லது கணவர் இருக்கவேண்டும். வாகனத்தில் இருங்கள், தேநீர் குடியுங்கள் என்று அன்பாகத்தான் சொல்வார்கள். அன்பாக மறுத்துவிடுங்கள். சம்பளம் முழுவதும் அவள் பெயரில் வங்கியில் போகட்டும், பதினெட்டு வயதில் அவள் எடுக்கட்டும். ஒரு பகுதியை வீட்டுக்கு எடுத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், அதைக் கடனாக ஒரு கொப்பியில் எழுதி, திருப்பிக் கட்டுங்கள். சிரிக்காதீர்கள், நான் உண்மையாகச் சொல்கிறேன். ஏதாவது பிழையாகப் பட்டால், யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டதாக, தனியாகக் கூட்டிப்போனதாக அவள் சொன்னால், யாரையும் சமாதானப்படுத்திக்கொண்டிருக்காமல் 1929க்கு எடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது.

புலமைப்பரிசில் பற்றி நீங்கள் எதிர்பார்த்த பதில் கிடைக்காது. தொடரை வேண்டாம் என்று சொன்னதற்கு அந்தப் பரீட்சை காரணமே இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளைகளை விடிய ஐந்து மணிக்கு எழுப்பி, பாடசாலைக்கு முன்னால் ஒரு ரியூஷன், பின்னால் ஒரு ரியூஷன் என்று ஓட்டுகிற நாம், படப்பிடிப்பில் பிள்ளை களைத்துவிடும் என்று கவலைப்படுவது வேடிக்கைதான். படப்பிடிப்பிலாவது சாப்பாட்டு இடைவேளை இருக்கிறது. தொடரிலிருந்து மீட்ட நேரத்தை ரியூஷனுக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

அவளுக்கு நடிப்பு உண்மையாகப் பிடித்திருந்தால், அதற்கு வழி அருகிலேயே இருக்கிறது. தமிழ்மொழித் தினப் போட்டியில் நாடகம் உண்டு. சாதாரண தரத்துக்கு 'நாடகமும் அரங்கியலும்' ஒரு பாடமாகவே எடுக்கலாம். பிறகு மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, கொழும்பில் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டு மொழியிலும் நடிக்கத் தெரிந்த இருபது வயதுப் பெண்ணுக்கு இந்த நாட்டில் இருக்கிற இடம், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இருப்பதைவிடப் பெரியது. பள்ளி நாடகத்தில் அவள் கிழவியாகவும் நரியாகவும் மரமாகவும் நிற்பாள். கமரா முன்னால் எப்போதும் அழுகிற தமிழ்ச் சிறுமிதான்.

உங்கள் கணவர் "ஒருமுறை போதும்" என்றாரே, அதற்கு மேல் ஏதும் சொன்னாரா? நீங்கள் எழுதவில்லை. அவர் அந்தப் பதினொரு நாளில் ஒரு நாளாவது அங்கே வந்து பார்த்தாரா என்று யோசிக்கிறேன். பார்த்துவிட்டுச் சொன்னாரென்றால், எதைப் பார்த்தார் என்று கேளுங்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் சொன்னாரென்றால், அது வேறு கதை. அதற்கு நான் அவரோடுதான் கதைக்கவேண்டும்.

கீழே பென்சிலில் எழுதியவருக்குத் தனியாக இரண்டு வரி. நீங்கள் வாசித்துக்காட்ட வேண்டாம், அவளிடமே கொடுங்கள்.

அன்பின் மகளுக்கு, உன் கேள்விதான் இந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி. உன் கண்ணிலிருந்து வந்த தண்ணீர் உண்மைத் தண்ணீர்தானே, அதனால் அது பொய் இல்லை. ஆனால் அந்த அழுகை அந்தப் படத்துப் பிள்ளையுடையது, நீ அவளுக்குக் கண்ணை இரவல் கொடுத்தாய். கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், பென்சில் மாதிரி. இனி வீட்டுக்கு வருகிற மாமா, மாமிமார் "அழுது காட்டு" என்று கேட்டால், "எபா" என்று சொல்லிவிட்டு சைக்கிள் ஓடப் போகலாம். மிஸ் சொன்னதாகச் சொல். சைக்கிள் என்ன நிறம் என்று எனக்கு எழுதி அனுப்பு.